போஸ்டரில் விடுபட்ட வேலை

அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் புரூஃபைப் பார்த்து சரி சொன்னவன் நான்தான். "இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாரும், பாசமிகு பாட்டியுமான..." என்று இருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை எனக்கு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து, அம்மா வேலை பார்த்த கிராமத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். "பஸ் ஸ்டாண்டுல போஸ்டர பார்த்துட்டுத்தான் போனேன் சார். பேரு தெரியாதே எங்களுக்கு. நர்ஸம்மான்னு போட்டிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேன். என் மூணு பிள்ளைங்களையும் அவங்கதான் கையில வாங்கினாங்க" என்று அழுதார். முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை என்பதுதான் அவருடைய ஆற்றாமை. அதற்குக் காரணம் நான்.

அப்பா இறந்தபோது போஸ்டரில் முதல் வரியே "ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்" என்றுதான் அடித்தோம். யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது. அம்மா 33 வருடம் வேலை பார்த்தவர். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது அரசு கணக்கு. அத்தனை பேருக்கும் அவர் ஒருவர்தான். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்துப் போட்ட காலம் அது. நடுராத்திரி கதவு தட்டினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்பா பென்ஷன் வாங்கினார், அம்மாவும் வாங்கினார். ஆனால் ஒருவருக்கு அது உத்தியோகம், இன்னொருவருக்கு "சேவை"!

இந்த "சேவை" என்ற சொல்லின் மேலேயே எனக்கு இப்போது கோபம். ஒவ்வொரு மே 12-ம் தேதியும் செவிலியர்களை தேவதைகள் என்று வாழ்த்துகிறோம். அதே நாட்டில்தான், 2015-ல் தேர்வு எழுதித் தேறி வந்த தமிழக அரசு செவிலியர்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் மாதம் 7,700 ரூபாய் கொடுக்கப்பட்டது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. தேவதைக்கு எதற்குச் சம்பளம் என்று நினைத்தார்களோ என்னவோ! வேலையை வேலை என்று சொல்லாவிட்டால், அதற்குரிய கூலியும் மரியாதையும் வராது. போஸ்டரில் நான் செய்த தவறும் இதே ரகம்தான்.

"பாட்டி என்பதைவிடப் பெருமை என்னப்பா?" என்று என் தங்கை கேட்டாள். பெருமைதான். என் பிள்ளைகளுக்கு அவர் பாட்டி. அந்தப் பெண்மணிக்கு? ஊருக்கு ஒட்டுகிற போஸ்டரில் ஊருக்குத் தெரிந்த அடையாளம் வேண்டாமா?

வருஷ திவசத்துக்கு அடிக்கும் நினைவஞ்சலியில் முதல் வரி "நர்ஸம்மா" என்றுதான் இருக்கும். உங்கள் வீட்டிலும் நர்ஸாக, டீச்சராக, தபால் ஆபீஸில் வேலை பார்த்த அம்மாவோ அக்காவோ இருப்பார்கள். புரூஃப் வரும்போது என்னைப் போல் அவசரத்தில் தலையாட்டாதீர்கள்.