மாடு கத்துது மாப்ளே!

காலையில் காபி உள்ளே போகாமல் ஃபைலைத் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்திருக்கும் ஆபீஸ் நண்பர்களே! அந்தக் காபிக்குப் பால் எங்கிருந்து வருகிறது என்றால் 'பாக்கெட்டிலிருந்து' என்பீர்கள். சரிதான். ஆனால் பசு கன்று போட்டால்தான் பால். கன்று போட, சினையாக வேண்டும். சினையாவதில்தான் இருக்கிறது வில்லங்கமெல்லாம்.

ஈரோடு பக்கத்தில் என் தாய்மாமா ஒரே ஒரு கலப்பின மாடு வைத்திருக்கிறார். மூன்றாவது ஈத்து. "பி.காம். படிச்சிருக்கீங்களே மாப்ளே, இந்த மாட்டுல எனக்கு லாபமா நஷ்டமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று பால் நோட்டை நீட்டினார். கன்று போட்டு 210 நாள். இன்னும் சினை இல்லை. பால் மட்டும் இறங்கிக்கொண்டே வருகிறது. வியாழக்கிழமை கருங்கல்பாளையம் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்று ஒரு தரகர் வேறு திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார். சினை நிற்காத மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது அத்தைக்குத் தெரியும். அவர் காபிகூடப் போடவில்லை.

கணக்கைப் பார்ப்போம். சினைக்காலம் சுமார் 280 நாள். வருஷத்துக்கொரு கன்று வேண்டுமென்றால் 365-ல் 280 போக மிச்சம் 85. கன்று போட்ட கர்ப்பப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை, இரண்டு மாதம் விட்டுவிட வேண்டும். ஆக, கையில் நிற்பது இருபத்தைந்து நாள் சொச்சம். பசு பருவத்துக்கு வருவதோ 21 நாளுக்கு ஒருமுறை. அதாவது நமக்குக் கிடைப்பது ஒரு சான்ஸ், மிஞ்சினால் இரண்டு. அந்தப் பருவமும் அரை நாள், முக்கால் நாள்தான் நிற்கும். தட்கல் டிக்கெட்டே தேவலாம்! (ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் குடிமுழுகாது. மாமாவுக்கு நாலு மாதம் போய்விட்டது.)

ஒரு பருவத்தைக் கோட்டைவிட்டால் 21 நாள் தீவனம் தண்டம். மாமா வீட்டுக் கணக்கில் நாளைக்கு 200 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், 4,200. இதை மாமா எந்த நோட்டிலும் எழுதவில்லை.

"மாடு கத்தவே இல்லியே மாப்ளே!"

எல்லா மாடும் ஊரைக் கூட்டிக் கத்தாது. சிலது ஊமைப் பருவம். கண்ணாடி மாதிரி கோழை வடியும், அடிக்கடி மூத்திரம் போகும், பால் திடீரென்று குறையும். இன்னொரு மாடு மேலே ஏறும்போது அசையாமல் நின்றால் சந்தேகமே வேண்டாம். ஒற்றை மாட்டைக் கட்டுத்தறியில் கட்டிவைத்தால் ஏறுவதற்கு யார் வருவார்கள்? அதிலும் பாதி மாடுகள் இதையெல்லாம் ராத்திரியில்தான் வைத்துக்கொள்ளும். மாமாவோ எட்டு மணிக்குக் குறட்டை விடுகிற ஆசாமி.

கால்நடை டாக்டர் வந்தார். தோள்வரை உறை மாட்டிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "கர்ப்பப்பை நல்லாத்தான் இருக்குங்க. மாட்டுக்குத்தான் தெம்பில்லை. வைக்கோலையே போட்டுட்டு இருந்தா எப்படிங்க?"

கன்று போட்ட புதிதில் கறக்கிற பாலுக்கு ஈடாக மாட்டால் தின்ன முடியாதாம். உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பாலாக ஊற்றும். எங்கள் காமர்ஸ் பாஷையில் ஓவர்டிராஃப்ட். இருப்பு ரொம்பக் குறைந்தால் உடம்பு முதலில் வெட்டுகிற செலவு, சினைமுட்டை. பசுந்தீவனம், அடர்தீவனம், தாது உப்புக் கலவை, குடற்புழு மருந்து என்று எழுதிக் கொடுத்தார். அத்தை தரகரைப் பார்த்து, "ரெண்டு மாசம் போகட்டும்" என்றார். மாமா வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் சாணி அள்ளுவது யார் என்பது அவருக்கும் தெரியுமே.

ஐந்தாவது வாரம் விடிகாலை நாலு மணிக்கு, "ஏனுங்க, எந்திரிங்க, மாடு கத்துதுங்க!"

காலையில் கண்டால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. சாயங்காலம் டாக்டர் கேனோடு வந்தார். உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. ஜிலுஜிலுவென்று புகை. அதிலிருந்து கால் மில்லி பிடிக்கிற ஒரு குச்சி. 37 டிகிரி தண்ணீரில் அரை நிமிஷம் வைத்து உருக்கினார். பக்கத்து வீட்டுப் பையன், "கிடேரியாவே பிறக்கிற ஊசி இருக்குதாமே சார்?" என்றான். இருக்கிறது. ஆண், பெண் அணுக்களைப் பிரித்தெடுத்து, நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரி. விலை கூட, சினை பிடிப்பது கொஞ்சம் குறைவு. "மொதல்ல ஏதாச்சும் ஒண்ணு நிக்கட்டும் தம்பி" என்றார் டாக்டர்.

இப்போது அத்தை வீட்டு காலண்டரில் இரண்டு சிவப்பு வட்டம். முதல் வட்டம் 21-வது நாள். அன்றைக்கு முன்னும் பின்னும் மூன்று ராத்திரி அத்தை கொட்டகையிலேயே பாய் விரித்தார். மாடு கத்தவில்லை. கத்தாததால் மட்டும் சினை என்று அர்த்தமில்லை, கையை விட்டுப் பார்த்தால்தான் நிச்சயம். அது இரண்டாவது வட்டம், அடுத்த மாதம். தரகர் நேற்றும் வந்து போனாராம். இந்தத் தடவை அத்தை காபி கொடுத்திருக்கிறார்.