பொறி வைப்பவருக்கும் ஓர் அறம் உண்டு

பகடை உருட்டிக் கதைமாந்தராகவே மாறிப் பேசி ஆடும் மேசை விளையாட்டுகள், பிடோக்கில் நான் அறிந்த சில பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்துவிட்டன. பாழடைந்த கோட்டை, சுரங்கம், புதையல், அப்புதையலைக் காக்கும் பொறி ஆகியவையே அவற்றின் உயிர்நாடி. அந்தப் பொறியை எவ்வாறு கையாளவேண்டும் என்பதுபற்றி எனக்கு உறுதியான கருத்தொன்று உண்டு. ஒரு தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணத்தை இறுதியில் சொல்கிறேன்.

பொறி நமக்குப் புதிதன்று. பரமபதத்தில் பாம்பு கண்ணெதிரே கிடக்கிறது. ஆயினும் அதைத் தவிர்க்க வழியில்லை. எல்லாம் தாயத்தின் விருப்பம். ஆடு புலி ஆட்டத்தில் 15 ஆடுகள் சேர்ந்து 3 புலிகளை அடைக்கின்றன. அங்கே பகடையும் இல்லை, மறைவும் இல்லை. கதை விளையாட்டின் பொறி இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்பது. அது மறைந்திருக்கும்; ஆனால் உற்று நோக்கிக் கேள்வி கேட்பவருக்குத் தன்னைக் காட்டிவிடும்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தபோது, வாங்கத்தக்க பொருள்களின் பட்டியலில் 10 அடிக் கழி ஒன்றும் இருந்தது. அதைக்கொண்டு தரையைத் தட்டிப் பார்க்கிறேன் என்று வீரர் வாயால் சொல்லவேண்டும். மறு ஆண்டு வந்த இணைப்பு நூலில் திருடன் என்னும் பாத்திரம் புகுந்தது. பொறியை நீக்கும் திறமைக்கு விழுக்காட்டுக் கணக்கும் உடன்வந்தது. பேச்சு செய்த வேலையைப் பகடை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய இடம் அதுவே. மறுபுறம், 1975இல் ஒரு போட்டிக்காகக் கைகாக்ஸ் அமைத்து, 1978இல் நூலாக வந்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' கல்லறையில், சுவரிலுள்ள பச்சை முகத்தின் திறந்த வாய்க்குள் நுழைந்தவர் அடியோடு அழிந்தார். தேர்ந்த ஆட்டக்காரர்களைச் சோதிக்க அது பொருந்தலாம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது.

நல்ல பொறிக்கு இலக்கணம் வேண்டுமென்றால் மகாபாரதத்தின் நச்சுப் பொய்கையைப் பாருங்கள். நீரருந்த வந்தவரிடம், முதலில் என் கேள்விகளுக்கு விடை சொல் என்று யட்சன் எச்சரிக்கிறான். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாத நால்வரும் வீழ்கின்றனர். நின்று கேட்டு விடை சொன்ன தருமன், தம்பியரையும் மீட்கிறான். எச்சரிக்கை உண்டு, சொல்லால் கடக்கும் வழி உண்டு, வீழ்ந்தவருக்கு மீட்சியும் உண்டு. கதை நடத்துபவர் மனத்தில் கொள்ளவேண்டிய மூன்று விதிகளும் இதிலேயே அடங்கிவிட்டன.

அரக்கு மாளிகையும் அத்தகையதே. விதுரன் பூடகமாகச் சொன்ன சொற்களும், சுவர்களிலிருந்து வீசிய நெய், அரக்கு வாடையும் தருமனுக்குக் குறிப்புகளாயின. பாண்டவர் சுரங்கவழியே தப்பினர். குறிப்பே இல்லாமல் கூரை இடிந்து விழுவது பொறியன்று, வெறும் தண்டனை. அடிக்கடி அவ்வாறு தண்டித்தால் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டியே நேரத்தைக் கழிப்பார்கள், கதை நகராது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. பேச்சுத்திறன் உள்ள பிள்ளைக்கே இம்முறை உதவும், கூச்சமுள்ள பிள்ளைக்குப் பகடைதானே துணை என்பார்கள். பகடையை ஒழிக்கச் சொல்லவில்லை. அது விடையைத் தரவேண்டாம், குறிப்பைத் தரட்டும் என்கிறேன். எண் நன்றாக விழுந்தால், 'இந்தக் கல்லின் விளிம்பில் மட்டும் தூசி இல்லை' என்று நடத்துபவர் சொல்லட்டும். அடுத்து என்ன செய்வது என்பதைப் பிள்ளை சொல்லட்டும். சொல் கிடைக்காமல் தவித்தால் பக்கத்திலிருக்கும் தோழர் எடுத்துக்கொடுக்கட்டும்.

என் கவலைக்குக் காரணம் இங்கேதான் உள்ளது. சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசினர். 2010இல் அது 32.3 விழுக்காடு. பல பிள்ளைகளுக்குத் தமிழ் ஒரு பாடவேளைக்குள் சுருங்கிவிட்டது. 'பகடை உருட்டுகிறேன்' என்று சொல்லிப் பொறியைக் கடக்கும் பிள்ளைக்கு இரண்டு சொற்கள் போதும். 'நெம்புகோலை மெல்லத் தூக்கி, அடியில் கல்லை முட்டுக்கொடுக்கிறேன்' என்று சொல்லும் பிள்ளை, தேர்வுத்தாள் கேட்காத தமிழைத் தன் தேவைக்காகத் தேடி எடுக்கிறது.

ஆகவே, தமிழ் வகுப்பிலோ வீவக வீட்டின் வரவேற்பறையிலோ இவ்விளையாட்டை நடத்துவோரிடம் என் வேண்டுகோள் இதுதான்: பொறி வையுங்கள், கடினமாகவே வையுங்கள். ஆனால் அதைத் திறக்கும் சாவி பிள்ளையின் நாவில் இருக்கட்டும்.