பழைய பிக்கப் வாங்கியவருக்கு முதல் செலவு எது?



இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் மடல் வரைந்திருக்கிறார். அவருடைய கணவர் பதினோரு ஆண்டுச் சபுர் வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர். கையிலிருந்த சேமிப்போடு மனைவியின் வளையல்களும் சேர, எட்டாண்டு ஓடிய பொலிரோ பிக்கப் ஒன்று இப்போது அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. வண்டிக்குக் கொடுத்தது போக 70,000 ரூபாய் மிச்சமிருக்கிறது. அந்தப் பணத்தில் என்னென்ன செய்வதென்று கணவர் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறாராம். கூடுதல் பட்டை, உயர்த்திய பக்கப் பலகை, முகப்பில் இரும்புக் கம்பித் தடுப்பு, நான்கு எல்.ஈ.டி. விளக்கு, ஏர் ஹாரன், பாட்டுப் பெட்டி, பின்தளத்தில் மடக்குப் பெஞ்சு. “இவற்றில் எதை முதலில் செய்யலாம் என்று நீங்கள்தாம் சொல்ல வேண்டும். அவர் என் பேச்சைக் கேட்கமாட்டார், பத்திரிகையில் வந்தால் கேட்பார்” என்று முடிக்கிறார் சகோதரி.

பட்டியலில் ஏழு இனங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுகூட முதல் மாதத்துக்கு உரியதன்று என்பதே என் கருத்து. அந்தச் சகோதரர் இதைப் படித்து வருந்த வேண்டாம். முதல் முறை வண்டி வாங்கும் எவரும் இப்படித்தான் பட்டியல் போடுவர். நானும் போட்டேன்.

பல்லாண்டுகளுக்கு முன் அரிசிக் கடைக்கென்று என் காக்காவும் நானும் சேர்ந்து ஒரு பழைய வண்டி வாங்கினோம். வாங்கிய வாரத்திலேயே பட்டறைக்கு ஓட்டிச் சென்று, பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகக் கட்டினோம். வண்டி நிமிர்ந்து நின்றது. பார்க்கப் பெருமையாக இருந்தது. மூட்டைகளைக் கூடுதலாக அடுக்கினோம், வண்டி தாழவேயில்லை. ஒரு மழைநாளில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, சாலையின் குறுக்கே ஓர் ஆடு வந்தது. காக்கா பிரேக்கை மிதித்தார். பின்பக்கம் பிடிக்கு அடங்காமல் பக்கவாட்டில் சுழன்று புளியமரத்தில் போய் மோதியது. உயிர் பிழைத்தோம். காக்காவின் வலது மணிக்கட்டு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இன்றும் தேநீர்க் கோப்பையை அவர் இடக்கையால்தான் எடுக்கிறார்.

ஏன் அப்படி நேர்ந்தது என்பதை ஒரு முதிய மெக்கானிக் பிற்பாடு விளக்கினார். பட்டை என்பது சுமையைத் தாங்குவதற்கு மட்டும் உரியதன்று. சக்கரத்தைத் தரையோடு அழுத்தி வைத்திருக்கும் வேலையும் அதனுடையதே. பாரம் இல்லாத வண்டியில் பட்டை இறுகியிருந்தால், மேடுபள்ளத்தில் சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு இல்லை. அந்த வேளையில் பிரேக் விழுந்தால் சக்கரம் சுழற்சியை நிறுத்திக்கொண்டு வழுக்கத் தொடங்கிவிடும்.

இதைவிட நுட்பமான தீங்கும் ஒன்றுண்டு. சரக்கு வண்டிகள் சிலவற்றில் சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒரு சிறிய வால்வும் கம்பியும் இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால், பின்சக்கர பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை விடுவது அதன் பணி. பட்டை கட்டி வண்டியை உயர்த்திவிட்டால், முழுப் பாரத்தோடு போகும்போதும் வண்டி வெறுமையாக இருப்பதாகவே அந்த வால்வு எண்ணிக்கொள்ளும். அதாவது, எடை அதிகமான நேரத்தில் பிரேக் குறைந்துவிடும். வாங்கியவுடன் வண்டியின் அடியில் குனிந்து, இந்த வால்வு இருக்கிறதா, கம்பி அறுந்தோ கட்டப்பட்டோ கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளரும் நம்மைப் போன்றவர்தாமே!

கூடுதல் பட்டையால் வண்டியின் தாங்குதிறன் கூடுவதாக எண்ணுவது தவறு. அச்சு, பிரேக், டயர், சேசிஸ் ஆகியவை பழையபடியே இருக்கின்றன. ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடை, மொத்த எடை என்று இரு எண்கள் உள்ளன. அவற்றின் வேறுபாடே நீங்கள் ஏற்றக்கூடியது; ஓட்டுநரின் எடையும் உதவியாளின் எடையும் அதற்குள் அடக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், மிகைப்பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டமாக விதிக்கிறது. பக்கப் பலகையை இரும்பால் உயர்த்தி, முகப்புத் தடுப்பும் பொருத்தினால் ஏறத்தாழ நூறு கிலோ கூடிவிடலாம். அந்த நூறு கிலோவும் ஒவ்வொரு நடைக்கும் வாடகை தராமல் பயணம் செய்யும் சரக்கு. டீசல் மட்டும் அதற்கும் சேர்த்தே எரியும்.

முகப்புக் கம்பித் தடுப்பைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. அது சட்டத்துக்குப் புறம்பானது என்றும், அகற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பல சுருதிகளில் அலறும் ஹாரனையும் விதிகள் அனுமதிப்பதில்லை.

அப்படியானால் 70,000 ரூபாயை எங்கே செலவிடுவது? டயரிலிருந்து தொடங்குங்கள்.

டயரின் பக்கச் சுவரில் சிறிய வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகள் தென்படும் பழைய ரப்பரை நம்பாதீர்கள். வண்டியை விற்பவர் கறுப்புப் பாலிஷ் பூசி அவற்றை மறைத்திருக்கவும் கூடும்; துணியை நனைத்துத் துடைத்துப் பாருங்கள். பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் குறுக்கே ஓடும். தேய்மானம் அவற்றின் மட்டத்தைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. புதிது வாங்கும்போது அளவு பொருந்துகிறதென்று கார் டயரை மாட்டிவிடாதீர்கள். சரக்கு வண்டிக்குரிய பாரக் குறியீடு உள்ளதையே கேளுங்கள். நான்கையும் ஒருசேர மாற்ற இயலாவிடில், இரண்டு புதியவற்றைப் பின்னால் மாட்டி, உள்ளவற்றில் நல்ல இரண்டை முன்னால் வையுங்கள். ரீட்ரெட் செய்த டயரை முன்சக்கரத்தில் ஒருபோதும் ஏற்ற வேண்டாம். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மறந்துவிடாதீர்கள். பழைய வண்டிகளில் ஸ்டெப்னி என்ற பெயரில் தொங்குவது பெரும்பாலும் ஓர் இரும்பு வளையமும் பழைய நினைவுமே!

அடுத்தது பிரேக். நான்கு சக்கரங்களையும் கழற்றி, லைனர், டிரம், ரப்பர்க் குழாய்கள், சக்கர சிலிண்டர் ஆகியவற்றை நீங்கள் அருகில் நிற்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். லைனரில் எண்ணெய் நனைந்திருந்தால் லைனரை மட்டும் மாற்றிப் பயனில்லை. கசிவு எங்கிருந்து வருகிறதென்று கண்டாக வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழ்ந்துகொண்டே வரும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அது கொதித்து ஆவியாகிவிட்டால், மிதி தரையோடு தரையாக இறங்கிவிடும், வண்டி நிற்காது. முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பது தெரியாதபோது, முழுவதையும் வடித்துப் புதிது ஊற்றுவதே முறை. செலவு சொற்பம். கைப்பிரேக்கைப் பாரத்தோடு ஒரு மேட்டில் நிறுத்திச் சோதியுங்கள்.

மூன்றாவதாக, பிறர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும். இரவில் பழுதாகிச் சாலையோரம் விளக்கின்றி நிற்கும் சரக்கு வண்டியைப் போன்ற ஆபத்து வேறில்லை. முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு, பக்கங்களில் மஞ்சள் என ஒளிதிருப்பும் பட்டைத் தாள் ஒட்டுங்கள். ஒரு முக்கோண எச்சரிக்கைப் பலகையையும் இருக்கைக்குப் பின்னால் போட்டு வையுங்கள். பட்டியலிலுள்ள எல்.ஈ.டி. விளக்குகளைவிட இவை பன்மடங்கு மலிவு, பன்மடங்கு பயன். ஹாலஜனுக்கென வடித்த முகப்பு விளக்குக் கூட்டில் எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் ஒளி சிதறும். எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். கண்பறிபட்டவர் எங்கே ஓட்டுவார்? உங்கள் மேல்தான். விளக்கு மங்கலாக இருந்தால் கண்ணாடியைத் தேய்த்துத் துலக்கி, ரிலே வைத்து ஒயரைப் புதுப்பியுங்கள். 60/55 வாட் பல்பே புதிதுபோல் எரியும்.

சகோதரியின் மடலில் இன்னொரு செய்தியும் உண்டு: பெரும்பாலும் மீன் ஏற்றும் எண்ணமாம். அப்படியானால் நான்காவது செலவு பின்தளத்துக்கு. மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் உப்பு நீர் தகட்டின் இணைப்புகளில் தங்கி, கீழே சேசிஸ் வரை அரிக்கும். துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, நீர் வடிவதற்கு வழி செய்து, நடை முடிந்த ஒவ்வொரு நாளும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். நல்ல தார்ப்பாயும் கயிறும் வாங்குங்கள். சீட் பெல்ட் ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையின் பஞ்சையும் மாற்றிவிடுங்கள். நாளெல்லாம் அதில் அமர்பவர் உங்கள் வீட்டுக்காரர். முதுகு வலிக்கு மருத்துவரிடம் கொடுக்கும் தொகையில் எத்தனை இருக்கைகள் தைக்கலாம்!

இவற்றுக்கெல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டிய ஒன்று பெயர் மாற்றம். வண்டியை விற்ற பின்னும் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ, அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆதலால் விற்றவருக்கும் இதில் அக்கறை உண்டு; தயங்காமல் கேளுங்கள். பழைய கடன் நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யிலிருந்து நீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். எட்டாண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு; அதற்கென ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

பாட்டுப் பெட்டிக்கு நான் எதிரியல்லன். முதல் மூன்று மாத வாடகை கைக்கு வரட்டும், அதிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும்.

மடக்குப் பெஞ்சுக்குத்தான் என் மனம் இசையவில்லை. “கல்யாணம், ஏர்வாடி என்று போனால் பிள்ளைகளும் பெண்களும் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாமே” என்று கணவர் சொல்வதாகச் சகோதரி எழுதியிருக்கிறார். சரக்குத் தளத்தில் இருக்கைப் பெல்ட்டும் இல்லை, கூரையும் இல்லை; சட்டத்தின் அனுமதியும் இல்லை. சரக்கு வண்டியில் பயணியாக ஏற்றிச் சென்றவருக்கு நேரும் இழப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்பதை, 2002-இல் தீர்ப்பாகி, ஆஷா ராணி வழக்கு என்று அறியப்படும் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வளையல்களை விற்று வாங்கிய வண்டி அது. ஒரு திருப்பத்தில் ஒரு பிள்ளை கீழே விழுந்தால் வண்டியை விற்றாலும் ஈடு செய்ய முடியாது. கல்யாணத்துக்கு வேன் பிடியுங்கள், சகோதரி. அன்றைக்கு உங்கள் பிக்கப் சீர்ப்பாத்திரங்களையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வரட்டும்.