ஆமை கண்ணில் படாத நாளுக்கும் கூலி உண்டு

கடலாமையை அதன் கடலிலேயே பார்க்க ஸ்நார்க்கலிங் கிளம்புகிறவர்கள் ஏற்பாட்டாளரிடம் முதலில் கேட்பது, "கட்டாயம் ஆமை தெரியுமா?" என்பதுதான். "கட்டாயம் தெரியும்" என்று அடித்துச் சொல்பவரிடம் பணம் கட்டக் கூடாது என்பேன். காட்டுயிர் யாருடைய நேரத்துக்கும் வந்து நிற்காது. அதை வரவழைக்க வேண்டுமென்றால் தீனி போட வேண்டும், இல்லையென்றால் படகை விட்டுச் சுற்றி வளைக்க வேண்டும். ஆமையைத் தொடாதீர்கள், பவளப்பாறையில் கால் ஊன்றாதீர்கள் என்ற அறிவுரைகள் அவசியமானவைதான். ஆனால் அவை தண்ணீரில் இறங்கிய பிறகு வேலைக்கு வருபவை. அந்த ஆமைக்கு நம்மால் தொல்லை உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் முன்பணம் கொடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

கொழும்புக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் ஹிக்கடுவையைப் பாருங்கள். 1979இல் கடல் சரணாலயமாகவும் 2002இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே முழங்கால் ஆழத்துக்கே பேராமைகள் (பச்சைக் கடலாமைகள்) வருகின்றன. சுற்றுலாப் பயணிகள் கடல்பாசியைக் கையில் பிடித்து ஊட்டுகிறார்கள், ஓட்டைத் தடவுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாசி அதன் இயல்பான உணவுதானே, இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். வளர்ந்த பேராமை பாசியையும் கடற்புல்லையும் மேய்வது உண்மை. கெடுதல் பாசியில் இல்லை, அதை நீட்டும் கையில் இருக்கிறது. மனிதர் இருக்கும் இடத்தில் இரை கிடைக்கும் என்று பழகிய ஆமை, மனிதரோடு வரும் விசைப்படகையும் அதன் சுழலும் விசிறியையும் கண்டு விலகாது. ஓட்டின் மேல் விசிறி வெட்டிய தழும்போடு ஆமைகள் காணப்படுவது உலகின் பல கடற்கரைகளில் பதிவாகியிருக்கிறது. பார்படோஸ் தீவில் இன்னும் ஒரு படி மேலே போய், புல் மேயும் இந்த விலங்குக்கு மீன் துண்டுகளைப் போட்டே படகருகே வரவழைக்கிறார்கள்.

தீனி போடாத படகும் தொல்லை தரலாம். ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. மேயும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். அது ஏறி வரும் வழியில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக மிதந்தால், மூச்செடுக்க வந்தது பாதியில் திரும்பி வேறு இடம் தேடும், மேய்ச்சலையும் விட்டுவிடும். ஆகவே ஒரு படகில் எத்தனை பேர், கூடவே நீந்தும் வழிகாட்டி உண்டா என்று முன்பே கேட்க வேண்டும். ஹவாயில் குறைந்தது 10 அடி விலகியிருக்கச் சொல்கிறார்கள். அது நல்ல அளவு. மெக்சிகோவின் அகுமால் விரிகுடாவில் கூட்டம் கட்டுமீறிப் போன பிறகுதான், 2016இல் அரசு அதைக் கடலுயிர்ப் புகலிடமாக அறிவித்தது. பருவமும் முக்கியம். இலங்கையின் தென்மேற்குக் கடல் நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெளிந்திருக்கும். கலங்கிய நீரில் தூரத்திலிருந்து எதுவும் தெரியாது, நெருங்கத்தான் தோன்றும். வெயிலுக்குக் களிம்பை அப்பிக்கொள்வதைவிட முழுக்கை நீச்சலுடை மேல். பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் ஆக்சிபென்சோன் கலந்த களிம்புகளின் விற்பனைக்கு ஹவாய் 2021 முதல் தடை விதித்திருக்கிறது.

பேராமை மீண்டுவிட்டதே, இனி இவ்வளவு கவலை எதற்கு என்பது அடுத்த வாதம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2025 அக்டோபரில் அதை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து இறக்கியது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அது உலகம் முழுமைக்குமான கணக்கு. சில கடல்களில் பேராமை இன்னும் அருகியே இருக்கிறது. முட்டையிடும் கரைகளைக் காத்து, முட்டைக்கும் இறைச்சிக்கும் ஆமையைக் கொள்ளையிடுவதைப் பல பத்தாண்டுகளாகத் தடுத்ததால் கிடைத்த பலன்தான் இந்த மீட்சி. அதைக் காட்டிக் காவலைத் தளர்த்துவது எந்த வகையில் நியாயம்?

படகோட்டியின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வியைத்தான் நான் கனமானதாகக் கருதுகிறேன். அவர் ஆமையைத் துரத்துவது ஆசைப்பட்டு அல்ல. ஆமை தெரியாவிட்டால் பயணி கட்டணத்தில் பேரம் பேசுவார், இணையத்தில் குறை எழுதுவார் என்ற பயத்தால். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர்கள் நாம்தான். ஆமை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முழுக் கட்டணம் தருகிறோம், தீனி வேண்டாம், துரத்த வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம். குடும்பத்தோடு தூரத்திலிருந்து செலவழித்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. அவர்கள் ஒரே காலைப் பொழுதை நம்பி வராமல், அதே கரையில் இரண்டு மூன்று நாள் தங்கும்படி திட்டமிடலாம். படகோட்டிக்கும் அதில் கூடுதல் வருமானம் உண்டு.