பேழைக்குள் அடைபட்ட பாட்டு

வட அமெரிக்க ஒன்றியத்தில், நியூயார்க்கு மாநகரைச் சார்ந்த கறுப்பினப் பாடகர் குழு ஒன்றின் பெயரால், ஏறத்தாழ ஆறாண்டுக் காலம் கமுக்கமாக 31 பாடல்கள் உருவாக்கப்பெற்றன. அவற்றுக்கு ஒரேயொரு படி எடுக்கப்பெற்றது. எஞ்சிய பதிவுகள் யாவும் அழிக்கப்பெற்றன என ஆக்கியோர் அறிவித்தனர். அந்த ஒரு படியும் பேழையுள் வைத்துப் பூட்டப்பெற்று, 2015-ஆம் ஆண்டில் 20 இலக்கம் அமெரிக்கத் தாலருக்கு ஒரு தனியாளின் கைக்குப் போயிற்று. வாங்கியவர் யாரென்பது அவ்வாண்டு இறுதியில் வெளிப்பட்டபோது, விற்றவர்களுக்கே அது தலைக்குனிவாய் முடிந்தது.

குழுவின் பெயர் வூ-தாங் கிளான். தொகுப்பின் பெயர் ‘சாவோலினில் முன்னொரு காலத்தில்’ என்று பொருள்படுவது. இதனைச் செல்வர் நாட்டு வேடிக்கைச் செய்திகளுள் ஒன்றாகப் படித்துத் தள்ளிவிடலாகாது. ஒடுக்கப்பட்ட ஓரினம் தன் வாய்மொழி ஒன்றையே முதலாக வைத்து வளர்த்தெடுத்த கலை, அவ்வினத்து மக்களே செவிமடுக்க இயலாதவாறு பெட்டகத்துப் பண்டமாகிப்போன கதை இது. மொழியையே உயிர்மூச்சாகக் கருதுவோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இக்கலை பிறந்த இடம் அரண்மனையன்று, இசைக் கல்லூரியுமன்று. 1973-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 11-ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்சுப் பகுதியில், செட்சுவிக்குச் சாலையின் 1520-ஆம் எண்ணுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு சிறு கேளிக்கை நிகழ்ந்தது. யமைக்காவினின்று குடியேறிய குடும்பத்துப் பிள்ளையாகிய கூல் எர்க்கு என்னும் பதினெட்டு அகவை இளைஞர் அன்று இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஒரே தட்டின் இரு படிகளை இரு சுழற்றிகளில் இட்டு, பறையொலி மேலோங்கும் சிறு பகுதியை மட்டும் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, அதன்மீது எதுகையும் அடுக்குமொழியுமாய்ப் பேசிக்கொண்டே செல்லும் முறை இவ்வாறு தழைத்தது. உள்ளே வருவோர் கொடுத்தது சில்லறைக் காசு. இசைக்கருவி வாங்கப் பொருளில்லாதவர், பழைய தட்டையே கருவியாக்கினர். பண் பயில வாய்ப்பில்லாதவர், பேச்சையே பண்ணாக்கினர். ‘ராப்’ என்று மேலையர் வழங்கும் இதற்குச் ‘சொல்லிசை’ என்னும் அழகிய தமிழ்ச்சொல் இன்று வழக்கூன்றியுள்ளது. மலேசியத் தமிழிளைஞர்கள் இவ்வகைப் பாடலைத் தமிழில் வளர்த்துப் பரப்பியமை பலரும் அறிந்ததே. இசையைத் தாங்கி நிற்பது சொல்லே என்பதனை இப்பெயர் மேலையர் சொல்லினும் தெளிவாகக் காட்டுகின்றது.

அச்சொல் எத்தகைய சொல்? கறுப்பின மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசும் பேச்சை, வெள்ளையர் வகுத்த பள்ளிக்கூடங்கள் பிழைபட்ட ஆங்கிலமென்றும் கொச்சையென்றும் ஒதுக்கி வந்தன. அப்பேச்சுக்கும் முறையான இலக்கணம் உண்டென்பதனை மொழிநூலார் நிறுவிய பின்னரும் இகழ்ச்சி முற்றும் ஒழிந்தபாடில்லை. அவ்வாறு இகழப்பட்ட பேச்சைத்தான் சொல்லிசையாளர் மேடையேற்றி, உலகத்து இளைஞரையெல்லாம் திரும்பிப் பார்க்கச் செய்தனர். அவர்தம் பாடல்களில் வசைச்சொற்கள் மிகுதி. பெண்டிரை இழித்துரைக்கும் அடிகளும் உள. அவற்றை ஏற்கவேண்டுவதில்லை, மறைக்கவும் வேண்டுவதில்லை. ஆயினும், தாழ்த்தப்பட்ட நாவைக்கொண்டே தலைநிமிர்ந்த பெருமை அக்கலைக்கு உண்டென்பதனை மறுத்தல் ஒண்ணாது.

வூ-தாங் கிளான் குழுவினர் அவ்வழி வந்தவரே. நியூயார்க்கின் ஐந்து பகுதிகளுள் ஒன்றாகிய இசுடேட்டன் தீவின் ஏழையர் குடியிருப்புகளோடும், புரூக்ளின் பகுதியோடும் உறவுடைய ஒன்பதின்மர் கூடி 1990-களின் தொடக்கத்தில் இக்குழுவை அமைத்தனர். சீன மற்போர்த் திரைப்படங்களில் உள்ளம் பறிகொடுத்த அவ்விளைஞர்கள் வூ-தாங் மலையின் பெயரைத் தமக்கிட்டுக்கொண்டு, தம் தீவிற்குச் சாவோலின் என்று செல்லப்பெயரும் சூட்டினர். முதற்றொகுப்பு 1993 நவம்பரில் வெளிவந்தது. குழுவின் தலைமகனாகிய இரிசா என்பார் அப்பொழுது இசைவட்டு நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாடு இன்றும் எடுத்துப் பேசப்படுவது: குழு ஒரு நிறுவனத்திற்குப் பாடினும், உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் விரும்பிய வேறு நிறுவனத்தோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். கறுப்பினப் பாடகரைக் கொத்தடிமைகளாய்க் கட்டிப்போட்ட முதலாளிகளிடமிருந்து இவ்வுரிமையைப் பெற்றது சிறு வெற்றியன்று. இவ்வளவு விழிப்பாய்த் தொடங்கியவரின் பெயராலேயே பின்னாளில் இப்பேழை செய்யப்பெற்றது என்பதுதான் வியப்பு.

பேழைத் தொகுப்பை முன்னின்று உருவாக்கியவர், இரிசாவின் மாணாக்கரும் மொராக்கோ வழிவந்த ஆலந்து நாட்டினருமாகிய சில்வரிங்சு என்பவர். இளமையில் இக்குழுவின் தீராப் பற்றாளராயிருந்து, பின்னர் அதன் வட்டத்துள்ளேயே சேர்த்துக்கொள்ளப்பெற்றவர். குழுவின் பழைய உறுப்பினர் பலரும் தனித்தனியே திசைக்கொருவராய்ப் பிரிந்திருந்த காலம் அது. ஒருவர் 2004-இலேயே மறைந்தும் போனார். சில்வரிங்சு ஒவ்வொருவரிடமும் பாட்டடிகளைத் தொகுத்துப் பதிவு செய்தார். நியூயார்க்கிலும் மொராக்கோவின் மரக்கேசு நகரிலுமாக வேலை நடந்தது. குழுவின் 1990-களின் கரடுமுரடான ஓசையை மீட்டெடுப்பதே நோக்கமென்றனர். செர் என்னும் புகழ்வாய்ந்த பாடகியின் குரலும் இடையே சேர்க்கப்பெற்றது. அடிகளைப் பாடிக்கொடுத்த உறுப்பினர் சிலருக்கோ, தாம் பாடுவது ஒற்றைப் படிக்கென்பது தெரியாது. வேறொரு தொகுப்பிற்கெனவே அவர்கள் பாடினர். தொழிலாளிக்கே தெரியாமல் அவன் விளைவித்த பொருளின் போக்கை வேறொருவர் முடிவு செய்வது ஆலைகளில் மட்டும் நிகழ்வதன்று போலும்!

31 பாடல்களும் இரு தட்டுகளில் அடங்கின. யாகியா என்னும் பிரித்தானிய-மொராக்கோக் கலைஞர், வெள்ளியும் நிக்கலும் கொண்டு நுண்ணிய வேலைப்பாடுடைய பேழையைக் கையாலேயே செதுக்குவித்தார். தோலட்டை கட்டிய 174 பக்க நூலொன்றும் உடன் வைக்கப்பெற்றது. பின்னர்ப் பேழை மரக்கேசிலுள்ள காப்பறையில் வைத்துக் காக்கப்பெற்றது. 2015 மார்ச்சில் நியூயார்க்கு அருங்காட்சியகமொன்றில் அழைக்கப்பெற்ற சிலருக்கு 13 நிமையம் மட்டும் ஒலித்துக் காட்டினர். விற்பனை ஒப்பந்தமோ இன்னும் விந்தையானது. 88 ஆண்டுகள், அஃதாவது 2103 வரை, இத்தொகுப்பை வணிகமுறையில் வெளியிடலாகாது!

ஆக்கியோர் கூறிய கரணியம் முற்றும் புறந்தள்ளத்தக்கதன்று. ஓவியத்தையும் சிற்பத்தையும் அருங்கலையென்று போற்றும் உலகம், இசையை மட்டும் மலிந்த சரக்காக்கிவிட்டதே என்பது அவர்தம் குறை. குறையில் உண்மையுண்டு. அமெரிக்காவில் பதிவிசையின் ஆண்டு வருவாய் 1999-இல் ஏறத்தாழ 1,460 கோடி தாலராயிருந்து, 2014-இல் 700 கோடிக்கும் கீழே இறங்கிற்று. இணையவழியே பாட்டு இலவயமாய்ப் பரவியதும், பின்னர்க் கேட்குந்தோறும் ஒரு தாலரின் நூற்றிலொரு பங்குகூடப் பாடகர்க்குச் சேராத ஏற்பாடுகள் பெருகியதும் அதற்கு வழிகோலின. பாடுபவன் பட்டினி கிடக்க, பாட்டைப் பரப்புபவன் கொழுக்கின்றான். இம்முறைகேட்டை எதிர்த்துக் குரலெழுப்பியது சரியே.

ஆனால் கண்ட மருந்து நோயினும் கொடிது. ஓவியம் ஒன்றாயிருப்பது அதன் இயல்பு; தூரிகை பட்ட துணி ஒன்றே. பாட்டின் இயல்போ பலவாதல். ஒருவன் வாயிற் பிறந்து நூறு பேர் செவியிற் புகுந்து, அந்நூற்றுவர் வாயிலும் மீண்டும் பிறப்பது அது. அதனை ஒன்றாக்கிப் பூட்டுவது, ஆற்றுநீரைக் குப்பியில் அடைத்து ஆறென்று விலை கூறுவதைப் போன்றது. அதிலும், பிறர் தட்டுகளினின்று ஒலித்துணுக்குகளை எடுத்துக் கோத்து வளர்ந்த சொல்லிசைக்கு இப்பூட்டு எவ்வாற்றானும் பொருந்தாது. முன்னோர் தம் தட்டுகளையெல்லாம் பேழையுள் பூட்டியிருந்தால், இவர்கள் கோப்பதற்கு ஒரு துணுக்கேனும் கிடைத்திருக்குமா? திருவள்ளுவப் பெருந்தகை, ஈட்டியும் பயன்கொள்ளப்படாத பொருளைப் பற்றி ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பாட்டுச் செல்வம் அவ்வதிகாரத்துள் வந்து விழுமென்று எவர் நினைத்திருப்பார்! தில்லைக் கோயிலறையுள் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் செல்லரித்தது போக எஞ்சியவற்றையே அரசன் வெளிக்கொணர்ந்தான் என்னும் மரபுரையைக் கேட்டு வளர்ந்த தமிழர்க்கு, பூட்டிய பாட்டின் கதி புதிதாய்ச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. அங்குப் பூட்டியோர் காப்பதாய் எண்ணியிருக்கக்கூடும். இங்கோ விலையேற்றுதற்கென்றே பூட்டினர்.

விலையேறியதும் வந்தவர் எத்தகையவர்? மார்ட்டின் சுக்கிரேலி என்னும் மருந்து வணிகர். எய்ட்சு முதலியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றினோரைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய்க்குரிய தாராபிரிம் என்னும் பழைய மருந்தின் உரிமையை அவர்தம் நிறுவனம் வாங்கி, 2015-இல் மாத்திரையொன்றின் விலையை 13.50 தாலரினின்று 750 தாலராக ஏற்றியது. விற்பனைப் பேச்சு முடிந்த பின்னரே அவர் செயல் தமக்குத் தெரியவந்ததென்றும், கிடைத்த தொகையில் பெரும்பங்கை அறப்பணிகளுக்கு அளித்துவிட்டதாகவும் இரிசா கூறினார். அவர் கூற்றை ஐயுறவேண்டா. ஆனால், உலகத்தில் ஒன்றேயுள்ள பொருளை மிக்க விலை தருவோர்க்கே என்று ஏற்பாடு செய்தபின், வருபவர் சான்றோராயிருக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? மருந்தாயினும் பாட்டாயினும் தானொருவனே வைத்திருந்தால் விலை தன் விருப்பம் என்னும் கணக்கை அவ்வணிகர் நன்கறிந்திருந்தார். பேழையைச் செய்தோரும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தனர்.

குழுவினரெல்லாரும் இதற்கு உடன்பட்டவரல்லர். மெத்தட்டு மேன் என்னும் உறுப்பினர், 88 ஆண்டுத் தடையைக் கேள்வியுற்று 2015-இலேயே வெளிப்படையாய்ச் சினந்து, மக்கள் கேட்க விரும்பினால் விலையின்றியே கொடுத்துவிடவேண்டும் என்றார். பாடியவரின் அக்குரலை எவரும் பொருட்படுத்தவில்லை.

பின்னர் நடந்தவை விரைந்து சொல்லத்தக்கவை. முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்திற்காகச் சுக்கிரேலிக்கு 2018 மார்ச்சில் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் செலுத்தவேண்டிய 73 இலக்கம் தாலருக்கு மேற்பட்ட தொகைக்கு ஈடாகப் பேழையும் அமெரிக்க அரசின் கைக்குப் போயிற்று. 2021-இல் அரசு அதனை விற்க, இணையவழி ஒன்றுகூடிய கலைப்பொருள் திரட்டுவோர் குழுவாகிய பிளீசர்தாவோ 40 இலக்கம் தாலருக்கு வாங்கியது. ஆறாண்டுக்குள் விலை இருமடங்கு. கேட்ட மக்கள் எத்துணையர்? 2024 சூனில், ஆத்திரேலியாவின் தாசுமேனியத் தீவில் ஓபார்ட்டு நகர அருங்காட்சியகமொன்றில், முப்பதுமுப்பது பேராக உள்ளே விட்டு அரைமணி நேரப் பகுதியைக் கேட்பித்தனர். கறுப்பினத்துத் தெருப்பாட்டைக் கேட்க நிலவுலகின் மறுகோடிக்கு வானூர்தி ஏறவேண்டியதாயிற்று. அதே சூனில், படிகளை எடுத்து வைத்துக்கொண்டு இணையத்தில் ஒலிபரப்பினார் எனச் சுக்கிரேலிமீது பிளீசர்தாவோ வழக்குத் தொடுத்தது. படிகளை ஒப்படைக்குமாறு முறைமன்றம் ஆகத்தில் ஆணையிட்டது.

அவ்வாண்டே இன்னொரு திட்டமும் அறிவித்தனர். ஒரு தாலர் செலுத்துவோர்க்குச் சில நிமைய மாதிரிப் பகுதி கிடைக்கும். செலுத்தப்படும் ஒவ்வொரு தாலருக்கும் வெளியீட்டு நாள் 88 நொடி முன்னே வரும். கணக்கிட்டுப் பார்த்தால், எஞ்சிய ஏறத்தாழ 79 ஆண்டுகளையும் நீக்க 2 கோடியே 83 இலக்கம் தாலர் வேண்டும். மக்களுக்குரியதை மக்களே நொடிக்கணக்கில் விலைகொடுத்து மீட்கவேண்டுமாம்! 40 இலக்கத்திற்கு வாங்கியது 283 இலக்கத்திற்கு மீட்கப்படும் வணிகத்திற்கு விடுதலை என்று பெயர்.

முதல் விற்பனை ஒப்பந்தத்தைக் கூர்ந்து படித்தோர் எடுத்துக்காட்டிய செய்தியொன்று உண்டு. அது தடுத்தது வணிக வெளியீட்டை மட்டுமே. காசு பெறாமல் மக்களுக்கு வழங்குவதை அன்று. பேழையை வைத்திருப்போரும் அதனை ஆக்கியோரும் உடன்பட்டால், 2103-ஐ எதிர்நோக்கவேண்டாமல், எவரிடமும் தாலர் தண்டாமல், அந்த 31 பாடல்களையும் நாளையே திறந்துவிடலாம். இசுடேட்டன் தீவின் குடியிருப்புகளில் அவற்றை முதலில் ஒலிக்கச் செய்யட்டும். பாடியவர் பலர் இன்னும் உயிரோடிருக்கும்போதே செய்யட்டும்.