மாறாத இருவர்

"பாத்திர வளர்ச்சி இல்லை" என்ற ரப்பர் முத்திரை நம் விமர்சகர்களின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது. சித்திரக் கதை என்றால் படிக்காமலேயே குத்திவிடுகிறார்கள். யாசுகோ அவோய்கேயின் 'எரோய்க்காவிடமிருந்து அன்புடன்' என்ற ஜப்பானிய மங்கா தொடருக்கும் இதே முத்திரைதான். ஒற்றர் கதைகளைக் கிண்டல் பண்ணுகிறது, சரி. ஆனால் அந்த இரண்டு பேரும் கடைசிவரை அப்படியே இருக்கிறார்களே, இதில் என்ன இலக்கியம் என்று கேட்கிறார்கள். அப்படியே இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் கட்சி.

1976இல் ஒரு சிறுமியர் பத்திரிகையில் தொடங்கியது இத்தொடர். தலைப்பு இயான் ஃப்ளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட் நாவல் ஒன்றின் தலைப்பைக் கிண்டல் செய்வது. ஒருவன் டோரியன் ரெட் க்ளோரியா, ஆங்கிலேயப் பிரபு, எரோய்க்கா என்ற பெயரில் கலைப்பொருட்களைத் திருடுகிறவன். அவனுடைய சுருள்முடியும் பகட்டும் லெட் ஸெப்பலின் பாடகர் ராபர்ட் பிளாண்டிடமிருந்து வந்தவை. மற்றவன் மேஜர் க்ளாவுஸ், மேற்கு ஜெர்மானியன், நேட்டோ உளவு அதிகாரி. அவனுக்குக் கீழே 26 பேர். ஏ முதல் இஸட் வரை, எழுத்தேதான் பெயர். தப்பு செய்தால் அலாஸ்காவுக்கு மாற்றல்.

ஆரம்பத்தில் நாயகர்கள் இவர்கள் அல்ல. மனோசக்தி படைத்த மூன்று இளவயதினரை வைத்துத்தான் அவோய்கே தொடங்குகிறார். மேஜர் இரண்டாவது கதையில் நுழைகிறான். அவன் நுழைந்ததும் பிரபுவுக்குச் சரியான எதிரி கிடைத்துவிடுகிறது. மூன்று நாயகர்களும் சத்தமில்லாமல் காணாமல் போகிறார்கள். போட்ட திட்டத்தைப் படைப்பே உதறியதும் அதன் பின்னால் போகிற தைரியம் இது. சித்தாந்தத்துக்குக் கதை ஜோடிப்பவர்களுக்கு வராது.

இருவரும் ஓயாமல் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். பிரபுவுக்கு வேண்டியது ஓவியமோ சிலையோ. மேஜருக்கு வேண்டியது ராணுவ ரகசியம். அழகைத் தவிர வேறு விசுவாசம் அறியாதவன் ஒருவன். கடமையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாதவன் இன்னொருவன். இரண்டும் அதனதன் எல்லையில் அபத்தம் என்று அவோய்கேக்குத் தெரியும். யார் பக்கமும் சாய்வதில்லை. மேஜருக்கு ஒரு நாள் ரசனை பிறந்துவிட்டால், அல்லது திருடனுக்குத் தேசபக்தி வந்துவிட்டால், நம் விமர்சகர்கள் 'வளர்ச்சி' என்று கைதட்டுவார்கள். நகைச்சுவை அந்த இடத்திலேயே செத்துப்போகும். மனந்திருந்தும் பாத்திரம் வாசகனுக்குக் கொடுக்கும் லஞ்சம், வேறென்ன?

இன்னொரு கோஷ்டி இதை முடிவு மறுக்கப்பட்ட காதல் கதையாகப் படிக்கிறது. பிரபு மேஜரை விரும்புகிறான், ஒளிவுமறைவில்லாமல். மேஜருக்கோ ஆத்திரம், சில சமயம் பீதி. ஆனால் காரியம் என்று வந்துவிட்டால் மற்றவன் திறமையை இருவருமே துல்லியமாக எடைபோட்டு வைத்திருக்கிறார்கள். இந்த அறிதலுக்குக் காதல் என்றோ நட்பு என்றோ பெயர் சூட்டி முடித்துவைக்க அவர் மறுக்கிறார். மறுப்பதை ஏமாற்று என்கிறார்கள். வாழ்க்கையில் பெயரிடாமல் விட்ட உறவுகளே இவர்களுக்கு இல்லை போலிருக்கிறது!

சிறுமியர் பத்திரிகையில் ஒரு பெண் டாங்கிகளையும் உளவு ஸ்தாபனங்களையும் வரைவதை விளையாட்டு என்று தள்ளுகிறவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. கோடுகளைப் பார்க்கட்டும். ஆரம்பக் கதைகளின் அலங்காரக் கண்களும் நளினமும் போகப்போக இறுகி, முகங்களுக்கு எலும்பு வந்துவிடுகிறது. மனிதர்கள் மாறவில்லை, அவர்களை வரையும் கை மாறியிருக்கிறது. வளர்ச்சியைத் தேடுகிறவர்கள் இதைத் தேடியிருக்கலாம்.

சோதனை வெளியிலிருந்து வந்தது. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தது. 1991இல் சோவியத் யூனியனே இல்லை. நேட்டோ, கே.ஜி.பி. என்று நடந்த கதைக்குக் காலடி நிலமே போய்விட்டது. பனிப்போரின் வெறும் சின்னங்களாக இருந்திருந்தால் இருவரும் அதோடு புதைந்திருக்க வேண்டும். நின்றுபோயிருந்த தொடர் 1995இல் மறுபடி ஆரம்பித்தது. பின்னாளையக் கதைகளில் சதித்திட்டத்தின் பளு சில சமயம் சிரிப்பை நசுக்குகிறது என்பது உண்மை. ஆனால் வரைபடம் மாறிய ஐரோப்பாவிலும் பிரபு திருடப் போகிறான். மேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு குறுக்கே வந்து நிற்கிறான்.