ஜான் லாரியும் அவர் ஏற்ற சிறு வேடங்களும்

ஸ்காத்துலாந்து நாட்டு நடிகர் ஜான் லாரி என்பாரின் பெயரைச் சொன்ன அளவிலே ஆங்கில நாட்டார் பலர் முறுவலிப்பர். 1968ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டு வரை பி.பி.சி. தொலைக்காட்சியில் நிகழ்ந்த ‘டாட்ஸ் ஆர்மி’ என்னும் நகைச்சுவைத் தொடரில், எஞ்ஞான்றும் அழிவையே முன்னறிவிக்கும் பிரேசர் என்ற கிழவராக அவர் தோன்றியதே அதற்குக் காரணம். அம்முறுவலில் யாமும் பங்கு கொண்டவரே. ஆயின், சேக்ஸ்பியரின் அரசிளங்குமரனாக மேடையேறிய ஒருவர் முதுமையில் இவ்வாறு கோமாளியாய் முடிந்தனரே என்று அவர் பொருட்டு இரங்குவாரும் உளர். அவ்விரக்கம் பொருந்தாது என்பதே எம் கருத்து.

அவர் வரலாற்றின் முற்பகுதியைச் சுருங்கக் கூறுவோம். லாரி 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் டம்பிரீஸ் நகரிற் பிறந்தார். கட்டடக் கலையைக் கற்கத் தொடங்கியவர் முதல் உலகப்போர் வந்தமையால் அதனை விடுத்துப் படையிற் சேர்ந்தார். போர் முடிந்தபின் அவர் நாடியது நாடகத்தையே. 1921இல் முதன்முதல் மேடையேறி, அதற்கடுத்த ஆண்டு தொடங்கி இரண்டாம் உலகப்போர் வரையில் இலண்டன் ஓல்டு விக் அரங்கிலும் ஸ்ட்ராட்போர்டிலும் ஹாம்லெத்து, மாக்பெத்து, மூன்றாம் ரிச்சர்டு முதலிய பெருவேடங்களைத் தாங்கினார். அந்நடிப்பை இன்று காண்பதற்கு வழி யாதும் இல்லை. மேடை நடிப்பு அன்றிரவே முடிந்துபோவது. கண்டோர் நெஞ்சில் தங்கி, அவரோடு மறைந்துபோவது. நமக்கு எஞ்சியவை படங்களும் ஒலிபரப்புகளுமே. அவற்றிலோ அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிறு வேடங்கள்.

அச்சிறு வேடங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹிட்ச்காக் 1935இல் இயக்கிய ‘முப்பத்தொன்பது படிகள்’ என்னும் படத்தில் லாரி ஓர் ஏழைக் குடியானவர். கொலைப்பழி சுமந்து ஓடிவரும் ஹானே என்பவன் ஓரிரவு அவர் குடிசையில் தங்குகின்றான். உண்பதற்குமுன் குடியானவர் தலைகுனிந்து ஜெபம் சொல்லுகின்றார். வாய் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, கண்கள் திறந்து தம் இளமனைவியின் முகத்தையும் விருந்தினன் முகத்தையும் மாறிமாறி ஆராய்கின்றன. பின்னர் வெளியே சென்று பலகணி வழியாக உள்ளே நோக்குகின்றார். பொறாமை, பேராசை, பக்தி என்னும் மூன்றும் ஒரே முகத்தில் ஒன்றையொன்று தள்ளாமல் குடியிருப்பதை அங்கே காண்கின்றோம். அம்மனைவி இரக்கத்தால் ஹானேக்கு அளித்த கணவரின் மேற்சட்டைப் பையில் இருந்த ஞானப்பாட்டுப் புத்தகமே பிற்பாடு துப்பாக்கிக் குண்டைத் தாங்கி அவன் உயிரைக் காக்கின்றது. பக்தி வேடத்தைப் பற்றி யாம் கேட்ட பிரசங்கங்கள் பல. அவற்றுள் இச்சில நிமிடக் காட்சியைப்போல் எம்மைச் சுட்டது ஒன்றேனும் உண்டோ என்பது ஐயமே.

ஒருமுறை மட்டும் படத்திலே அவருக்கு முழு இடம் கிடைத்தது. அதனை விரித்துக் கூறுதல் தகும். ஸ்காத்துலாந்துக்கு மேற்கே நடுக்கடலில் உள்ள செயிண்டு கில்டா என்னும் தீவில் பன்னூற்றாண்டுகளாக வாழ்ந்த குடிகளுள் எஞ்சிய 36 பேர், இனி அங்கு வாழ இயலாது எனத் தாமே வேண்டிக்கொண்டு 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் கப்பலேறினர். இச்செய்தி மைக்கேல் பவல் என்னும் இயக்குநரின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அத்தீவிற் படமெடுக்க இசைவு கிடையாமையால், 1936இல் ஷெட்லாந்துத் தீவுகளைச் சார்ந்த பௌலா என்னும் தீவிற்குத் தம் குழுவினரை அழைத்துச் சென்று ‘உலகின் விளிம்பு’ என்ற படத்தை எடுத்தார். தீவைவிட்டு நீங்குவதா, நிற்பதா என்பதே கதையில் வரும் இரு குடும்பங்களின் வழக்கு. நீங்கக்கூடாது என்று நிற்கும் முதியவர் பீட்டர் மான்சனாக நடித்தவர் லாரி. அப்பொழுது அவர்க்கு வயது 39தான். எனினும், வாலிபப் பிள்ளைகளின் தந்தையாக, காற்றும் உப்பும் அறைந்த பாறைபோல் அவர் நிற்கின்றார். பேச்சு மிகக் குறைவு. மகனைப் பாறைக்குப் பறிகொடுத்தபின் அவர் வாய்விட்டு அழவில்லை. தாடை ஒன்றே இறுகுகின்றது. ஈற்றில், ஊரார் எல்லாரும் கப்பலுக்குப் புறப்படும் வேளையில், கடற்பறவையின் முட்டை ஒன்றை எடுக்கச் செங்குத்துப் பாறையில் இறங்கி, விழுந்து மாளுகின்றார். தோற்ற கட்சியின் பெருமையை இத்துணைச் சிக்கனமாகக் காட்டிய நடிப்பை யாம் வேறு எப்படத்திலும் கண்டிலோம்.

இதன்பின் பெருவேடங்கள் அவரைத் தேடி வந்தன என்று எதிர்பார்ப்போம். வரவில்லை. ஒலிவியர் தாம் இயக்கிய மூன்று சேக்ஸ்பியர் படங்களிலும் லாரிக்கு இடமளித்தார் என்பது உண்மையே. 1944இல் வெளிவந்த ‘ஐந்தாம் ஹென்றி’யில் அவர் ஸ்காத்துலாந்துத் தலைவன் ஜாமி. 1955இல் வந்த ‘மூன்றாம் ரிச்சர்டு’ படத்தில் லவல் பிரபு. 1948இல் வந்த ‘ஹாம்லெத்து’ படத்திலோ, கோட்டை மதில்மேல் காவல் முறை முடிந்து விடைபெற்றுச் செல்லும் பிரான்சிஸ்கோ. ஒரு காலத்தில் ஹாம்லெத்தாகவே நின்றவர், பிறரொருவர் ஹாம்லெத்தாக விளங்கும் படத்தில், குளிரையும் நெஞ்சின் சோர்வையும் இரண்டொரு சொற்களிற் சொல்லிவிட்டு இருளிலே மறைகின்றார். யாவரும் பெருவேடம் விரும்புவர். நம் கல்லூரியிலும் அரசன் வேடத்திற்குப் பதின்மர் முந்துவர். காவலன் வேடத்திற்கு ஆள் பிடித்தல் அரிது. இவ்விறக்கத்தை லாரி மனமுவந்து ஏற்றார் என்று யாம் சொல்லத் துணியோம். வயிற்றுப்பாடும் இதில் உண்டு. ஆனால் அச்சிறு காவலனுடைய சோர்வு பொய்த்துப்போமாயின், அவனைத் தொடர்ந்து வரும் ஆவியை யார் நம்புவர்? அக்காட்சிக்கு அச்சத்தின் முதற் குளிரை ஊட்டுபவன் அவனே.

இனித் தொலைக்காட்சித் தொடருக்கு வருவோம். 1940இல் பகைவர் படையெடுப்பை எதிர்நோக்கி முதியோரும் பிறரும் சேர்ந்த உள்நாட்டுக் காவற்படையைப் பற்றிய நகைச்சுவை அது. அப்படையில் உண்மையிலேயே பணியாற்றியவர் லாரி. பிணப்பெட்டி செய்து அடக்கம் நடத்தும் தொழிலுடைய பிரேசராக 80 நிகழ்ச்சிகளில் அவர் தோன்றினார். தாம் சேக்ஸ்பியரின் பெருவேடங்களைத் தாங்கியவராயிருந்தும் இத்தகைய தொன்றினாற் புகழ்பெற நேர்ந்ததே என அவர் குறைபட்டுக்கொண்டதாக உடன் பணியாற்றியோர் கூறியுள்ளனர். இவ்விடத்தில் யாம் லாரியோடே மாறுபடுகின்றோம்.

ஒரு காட்சியில் பிரேசர், பாழடைந்து வெறிதாய்க் கிடக்கும் பழங் களஞ்சியம் ஒன்றன் கதையைச் சொல்லத் தொடங்குகின்றார். கண்கள் உருளுகின்றன, குரல் தாழ்கின்றது, கேட்போர் நெருங்கி நடுங்குகின்றனர். கதையாவது, அக்களஞ்சியத்தின் உள்ளே ஒன்றும் இல்லை என்பதே. யாமும் வாய்விட்டு நகைத்தோம். எதனால் நகைத்தோம்? மாக்பெத்தின் குரலை ஒருவர் ஒன்றுமில்லாத ஒன்றற்குச் செலவிட்டதனால் அன்றோ? அக்குரல் இல்லாத வேறொருவர் அதனைச் சொல்லியிருப்பின் அது வெறுஞ் சொல்லாகவே நின்றிருக்கும். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, நகையையும் அச்சத்தையும் வேறுவேறாக எண்ணினார். லாரி அவ்விரண்டையும் ஒரே மூச்சில் எழுப்பினார். அவரது மேடைக் கல்வி வீணாயிற்று என்போர் இதனை எண்ணிப்பார்க்கவில்லை. 1974 முதல் 1976 வரை அத்தொடர் வானொலிக்கு மாற்றப்பெற்று 67 நிகழ்ச்சிகளாக ஒலிபரப்பாயிற்று. அங்கே உருளும் கண்கள் உதவா. குரல் ஒன்றே நின்றது, அதுவே போதுமானதாயிற்று. ஓல்டு விக்கில் எழுந்த ஒலியின் எச்சத்தைக் கேட்க விரும்புவார்க்கு அவ்வொலிப்பதிவுகளே இன்றுள்ள நெருங்கிய வழி.

1978இல், தம் 81ஆம் வயதில், லாரி பவலுடன் மீண்டும் பௌலாத் தீவிற்குச் சென்றார். அப்பயணமும் ஒரு சிறு படமாக உள்ளது. 1980ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அவர் காலமானார். நம் மாணவர் பிரேசரைக் காணுமுன் பீட்டர் மான்சனைக் காணவேண்டும் என்பது எம் விருப்பம். நம் நாடகக் கழகத்தார் அப்படத்தைத் தருவித்து ஒருநாள் மாலை காட்டுவாராயின் யாம் முதலில் வந்து அமர்வோம்.